இடப்பக்கக் கைபிடி

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை. ரொறன்ரோவில் கலியாண மண்டபங்களுக்கு மணவறை கட்டிக் கொடுக்கிற தொழிலில் இத்தனை வருடம் நின்று பிடித்தவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் டொக்ரரிடம் காட்ட வேண்டும். பூக்காரர் பிந்தி வருவார். மண்டபத்துக்காரர் நேரம் முடிந்தது என்று லைற்றை அணைப்பார். மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தி வந்து நின்று, "உந்தச் சிவப்புக் கொஞ்சம் கூடிப் போச்சுது என்ன?" என்று கேட்பா. எல்லோருக்கும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு தனியே இருந்து ஏசுவேன். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கிற ஓர் அண்ணையோடு மட்டும்தான் முகத்துக்கு நேரே நின்று சண்டை பிடித்தேன். அதுவும் ஒரு கைபிடிக்காக.

கலியாணம் ரூஜ் பகுதியில் இருக்கிற ஒரு குடும்பத்தினுடையது. பொம்பிளை இங்கே பிறந்த பிள்ளை, அம்புலன்சில் பராமெடிக்காக வேலை செய்கிறாள். தகப்பன் வெயர்ஹவுஸ் ஒன்றில் வேலை செய்தவர். உயரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து வீல்செயரில்தான் இருக்கிறார். வலது கால் சொல்வழி கேளாது. இடது கால் கொஞ்சம் பாரம் தாங்கும். கைகள் இரண்டிலும் பழைய பலம் அப்படியே இருந்தது.

தாய் ஒரு நாள் பின்னேரம் என்னுடைய கராஜுக்கு வந்தா. அந்தக் கராஜில் காருக்கு இடமில்லை. மணவறைத் தூண்களும் பிளாஸ்ரிக் வாழைக் குலைகளும்தான் நிற்கும். பட்டுத் துணிகளைக் காட்டுவோம் என்று நான் பெட்டியைத் திறக்க, அவ அதைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, மணவறையை நீங்கள் எப்பிடியும் வடிவாக் கட்டுவியள். இந்த மனுசனை ஹோலுக்குக் கொண்டு வாறதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ" என்றா.

விசயம் இதுதான். வீல்செயரோடு ஆட்களை ஏற்றுகிற வானில் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போய் வருகிறார். பின்கதவால் ஒரு தட்டு இறங்கும், அதில் கதிரையை ஏற்றி, நாலு பக்கமும் பட்டி போட்டு இறுக்கி, முன்னால் இருக்கிறவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். "பீப் பீப் எண்டு சத்தம் போட்டு ஏத்தி இறக்க நான் என்ன ஃப்ரிட்ஜே?" என்று கேட்டாராம். காரில் கொண்டு போவதென்றால் இரண்டு பேர் கமக்கட்டில் பிடித்துத் தூக்க வேண்டும், அதற்கும் மாட்டேன் என்று விட்டார். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க மகளின் கலியாணத்துக்கு அப்படி வந்து இறங்குவதிலும் பார்க்க வீட்டில் இருக்கிறேன், தம்பி கன்னிகாதானம் செய்து கொடுக்கட்டும் என்பது அவருடைய முடிவு. மகளோ, அப்பா கை பிடித்துக் கொடுக்காவிட்டால் எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

எனக்கு அழுகையும் வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது. பெற்ற பிள்ளையின் கலியாணத்தில் என்ன மானமும் ரோசமும் என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கினேன். அந்த மனுசன் வராத மணவறையை நான் கட்டி என்ன பிரயோசனம்?

ஒரு பழைய இராணுவ வாகனம் இதற்குள் வந்தது வேறொரு வழியால். ஸ்ரௌவ்வில் பக்கம் எங்கடை ஆள் ஒருவர் பழைய பிரிட்டிஷ் ஆமி அம்புலன்ஸ் ஒன்றை வாங்கிப் பழையபடி திருத்தி வைத்திருக்கிறார், அதோடு படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று பொம்பிளைப் பிள்ளை ஆசைப்பட்டாள். அம்புலன்சில் வேலை செய்கிறவளுக்கு அந்த ஆசை வராமல் என்ன? ஒரு சனிக்கிழமை எல்லோருமாகப் போனோம். தகப்பனும் வந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே வானில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

உண்மையைச் சொல்கிறேன், கராஜ் கதவு மேலே எழும்பி அந்தப் பச்சை நிறம் தெரிந்தவுடன் நான் ஓரடி பின்னால் வைத்துவிட்டேன். சதுர முகம், உருண்டை லைற்றுகள், தடித்த சக்கரங்கள். ஊரில், யுத்தத்துக்குள், இந்த மாதிரி வாகனத்தின் இரைச்சல் கேட்டால் வேலி பாய்ந்து ஓடிய காலம் ஒன்று எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நான் அண்ணையைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணை, நாங்கள் உதுகளுக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீங்கள் வாங்கிக் கொண்டந்து வீட்டிலை வைச்சிருக்கிறியள்?"

"ஓடேக்குள்ளை வடிவாப் பாக்கக் கிடைக்கேல்லைப் பிள்ளை" என்றார் அவர். "இப்ப ஆறுதலாப் பாக்கிறன்."

அண்ணைக்கு எழுபது வயது இருக்கும். இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் முப்பது வருடமாக மற்றவர்களின் விபத்துகளை விசாரித்து, எது மெய், எது பொய் என்று பிரித்துப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வாகனத்தில் இருக்கிற ஒவ்வொரு துண்டையும் கள்ளனைப் பிடித்து விசாரிக்கிற மாதிரி விசாரித்து வைத்திருந்தார். ஸ்க்ரூவின் தலையில் நேராக ஒரு வெட்டு இருந்தால் அந்தக் காலத்தது. சிலுவை மாதிரி வெட்டியிருந்தால் பிறகு யாரோ போட்டது, கழற்றி எறி. இரும்பில் சின்னதாக ஓர் அம்புக்குறி குத்தியிருந்தால் அது பிரிட்டிஷ் ஆமியின் சொந்தச் சாமான். தோல் வார் சரி, நைலோன் வார் பிழை. முன்னால் வட்டமாக ஒரு மஞ்சள் தகடு, நடுவில் ஒரு இலக்கம். அது இந்தப் பாரத்தைப் பாலம் தாங்குமா என்று பாலத்தில் நிற்கிறவன் பார்ப்பதற்காம். கதையோடு கதையாக எனக்கும் சட்டம் போட்டார். பூமாலை கட்டலாம், ஆனால் அந்தக் காலத்துக் கொளுக்கிகளிலும் வார்களிலும் மட்டும். ரேப் ஒட்டக் கூடாது. ஒரு துளை, ஒரு ஆணி, ஒரு கம்பி புதிதாக வரக் கூடாது.

"மணவறையையே ஆணி அடிக்காமல் கட்டுற ஆள் நான்" என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

நாங்கள் இப்படி வாய் காட்டிக்கொண்டு நிற்க, தகப்பனை ஒருவரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய வீல்செயர் வாகனத்தின் இடப்பக்கக் கதவடியில் நின்றது. ஸ்ரியரிங் ஊரில் மாதிரி வலப்பக்கம், ஆகவே பக்கத்தில் இருக்கிறவர் ஏறுவது இடப்பக்கத்தால். கதவு திறந்திருந்தது. கீழே இரும்புப் படி ஒன்று தொங்கியது. மனுசன் இடது காலைத் தூக்கி அந்தப் படியில் வைத்திருந்தார். ஒரு கை சீற்றின் விளிம்பில். மற்றக் கை கதவுக்கு முன்னால், முன்கண்ணாடியைத் தாங்கி நிற்கிற தூணை மேலும் கீழும் தடவிப் பிடி ஒன்றைத் தேடியது. அரைவாசி எழும்பிவிட்டார். தூண் வழுக்க, தொப்பென்று திரும்பக் கதிரையில் விழுந்தார்.

நாங்கள் ஓடிப் போனோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, தூணைத்தான் பார்த்தார்.

"இதிலை பிடிக்க ஒண்டு இருந்திருந்தால் ஏறியிருப்பன்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இதிலை முன்னுக்கு இருந்து எண்டால் நான் வாறன்" என்றார்.

தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. அடிபட்ட நாளிலிருந்து அவர் வாய் திறந்து இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவையாம். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீல் அப்பா, யூ டேக் த ஃப்ரன்ட். நான் பின்னாலை இருக்கிறன், அது என்ர ஜொப்தானே" என்றாள்.

எனக்கு அந்தக் கணத்தில் உலகமே சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கைபிடி, இரண்டு போல்ற், வேலை முடிந்தது.

"ஏலாது" என்றார் அண்ணை.

"என்ன ஏலாது?"

"அந்த இடத்திலை கைபிடி இருந்ததுக்கு ஆதாரம் இல்லை. பழைய படங்கள் பாத்தனான். சிலதிலை இருக்கு, சிலதிலை இல்லை. இந்த வண்டியிலை இருந்தது எண்டு காட்டுங்கோ, நாளைக்கே போடுறன்."

"படி இருக்கே அண்ணை, கண் தெரியேல்லையே? பிடிக்க ஒண்டும் இல்லாமல் படியை மட்டும் ஆர் செய்து வைப்பான்? ஆமிக்காரன் என்ன பறந்தே ஏறினவன்?"

"உது உம்மடை யோசனை. யோசனை வேறை, ஆதாரம் வேறை."

அட கோதாரி என்று எனக்கு வந்தது. ஒரு மனுசன் தன் மகளின் கலியாணத்துக்கு வருவானா மாட்டானா என்பது இந்தத் தூணில் தொங்குகிறது, இவர் ஆதாரம் கேட்கிறார். உங்களுக்கு இரும்பு பெரிதா, மனுசன் பெரிதா என்று கேட்டேன். கலியாணம் முடிந்ததும் கழற்றிவிடலாம் என்றேன். "போட்ட துளையை எப்பிடிப் பிள்ளை கழற்றுறது?" என்று கேட்டார். நான் இன்னும் கூடக் கத்தினேன். கடைசியில் தகப்பன்தான், "விடுங்கோ, அவரின்ரை வாகனம்" என்று எங்களை அடக்கினார். திரும்பிப் போகும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. மாலைகளுக்கு அளவெடுக்க என்று அடுத்த வெள்ளிக்கிழமை நான் மட்டும் ஸ்ரௌவ்விலுக்குப் போனேன். எந்தக் கலியாண வேலையைத் தொடங்கினாலும் முதலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அது என் வழக்கம், ஒருவரிடமும் கேட்டுச் செய்வதில்லை. அண்ணை தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் சந்தனத்தைக் குழைத்தேன்.

அந்த வட்ட மஞ்சள் தகட்டைப் பாருங்கள். வாகனத்தின் நெற்றியில், யாரோ எங்களுக்காகவே மஞ்சள் பூசி, பொட்டு மட்டும் வைக்காமல் விட்டுப் போன மாதிரி இருக்கிறது. அதில் குங்குமம் வைக்காமல் எந்தத் தமிழ்ப் பெண்ணால் வர முடியும்? இலக்கத்தின் மேலேயே நல்ல பெரிதாக ஒன்று வைத்தேன். இரண்டு லைற்றுக்கும் இரண்டு. பிறகு இடப்பக்கம் போனேன். வீட்டு நிலைக்கு வைக்கிற மாதிரி அந்தத் தூணில், நெஞ்சு உயரத்தில், சந்தனத்தை அள்ளிப் பூசி, அதன் மேல் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அழுத்தி வைத்தேன். பிள்ளையாரே, இந்தக் கிழவனின் மனதை மாற்று என்று வேண்டிக்கொண்டும் வைத்தேன்.

அண்ணை இரண்டு கோப்பையோடு வந்தார். ஒரு கோப்பை அப்படியே நிலத்தில் விழுந்தது.

"என்ன பிள்ளை செய்தனீர்! ஐயோ, என்ன செய்தனீர்!"

"பொட்டுத்தானே அண்ணை."

"மற் பெயின்ற் பிள்ளை! பளபளப்பில்லாதது! எண்ணெயைக் குடிக்கும்! போகாது!"

அவர் துணி எடுக்க உள்ளே ஓடினார். நான் என் சேலைத் தலைப்பால் தூணைத் துடைத்தேன், சிவப்பு இன்னும் பரவியது. என் சாமான் பையில் நெயில் பொலிஷ் ரிமூவர் எப்போதும் இருக்கும். மணவறைக் கண்ணாடிகளில் பிடித்த பசையை எடுப்பதற்கு அதைப் போல ஒன்றும் இல்லை. பஞ்சில் ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். குங்குமம் வந்தது. நல்லது என்று இன்னும் தேய்த்தேன். பஞ்சு பச்சையாகிவிட்டது. தூணில் ஒரு கையளவுக்குப் பெயின்ற் உரிந்து, உள்ளே வேறு ஏதோ நிறம் தெரிந்தது.

சரி, கைபிடியும் இல்லை, வாகனமும் இல்லை, கலியாணமும் இல்லை, எல்லாம் என்னால் என்று நினைத்தேன். அண்ணை துணியோடு வந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குத் தூணில் முட்டுமளவுக்குக் குனிந்தார்.

"கையை எடும்" என்றார். "இனித் துடைக்கக் கூடாது."

நான் பஞ்சைக் கீழே போட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் துடையும்" என்றார்.

"அண்ணை?"

"மெள்ள. கீழ்ப்பக்கமா."

மெல்லத் துடைத்தேன். மேலே இருந்த மங்கல் பச்சை போக, அடியில் கோவில் குளத்துப் பாசி மாதிரி மினுமினுத்த கரும்பச்சை வந்தது. அந்தக் கரும்பச்சைக்கு நடுவில் முட்டை வடிவில் ஒரு வெற்றிடம். அதற்குள் பச்சையே இல்லை, செம்மண் நிறத்து அடிப்பூச்சு மட்டும். அந்த முட்டையின் நடுவில் யாரோ பசை வைத்து அடைத்த ஒரு துளை. ஒரு சாண் கீழே துடைக்கச் சொன்னார். அங்கேயும் அதே மாதிரி ஒரு முட்டை, நடுவில் ஒரு துளை.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "விளங்குதே உமக்கு? இந்த மினுங்கல் பச்சைதான் ஆமி முதல் முதல் அடிச்ச பெயின்ற். அது இந்த இரண்டு முட்டைக்குள்ளையும் போகேல்லை. ஏன் போகேல்லை?"

"ஏன்?"

"அதிலை ஏதோ ஒண்டின்ரை கால் இருந்திருக்கு. பெயின்ற் அடிக்க முந்தியே பூட்டிக் கிடந்திருக்கு. அவன் அதைச் சுத்தித்தான் அடிச்சிருக்கிறான்."

இரண்டு கால், இடையில் ஒரு சாண். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நான் கையைத் தட்டிவிட்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வாகனத்தின் பின்பக்கம் போய் நின்றார். பின்கதவின் இரண்டு பக்கமும் ஏறுவதற்குக் கைபிடிகள் இருந்தன. ஒன்று நேரானது, மற்றது வளைந்தது. சோடி சேரவில்லையே என்று முதல் நாளே நான் கேட்டிருந்தேன். ஆமிக்குள்ளை எல்லாம் கலந்துதான் கிடக்கும் என்று அப்போது எனக்குப் பாடம் எடுத்தவர், இப்போது வளைந்ததைக் கழற்றினார். அதன் கால் இருந்த இடத்தில் மினுங்கல் பச்சை முழுதாக இருந்தது. அப்படியென்றால் அந்தக் கைபிடி அங்கே பெயின்றுக்குப் பிறகு வந்தது. திருப்பிப் பார்த்தோம். காலின் அடியில் சின்னதாக அம்புக்குறி. கொண்டுபோய் இடப்பக்கத் தூணில் வைத்தார். இரண்டு காலும் இரண்டு முட்டைக்குள்ளும் போய் அச்சாக இருந்தன.

அண்ணை இரும்புப் படியில் குந்திவிட்டார்.

"இத்தனை வருசமா வாற ஆக்களுக்கெல்லாம் இதைப் பின் கைபிடி எண்டு விளக்கம் சொன்னனான்" என்றார். "ஆரோ இடம் மாத்திப் பூட்டியிருக்கிறாங்கள். எனக்குத் தெரியேல்லை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிலத்தில் உடைந்த கோப்பையைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். "மஞ்சள் தகட்டுப் பொட்டுக்கு உம்மை நான் மன்னிக்கேல்லை" என்றும் சொன்னார். நான் காருக்குள் போயிருந்து தாய்க்கு ரெலிபோன் எடுத்தேன். "பிடி கிடைச்சிட்டுது" என்று சொன்னதும் அவ அழத் தொடங்கிவிட்டா.

அதோடு சண்டை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அண்ணை துளைகளைத் துப்புரவாக்கி, அந்தக் காலத்து போல்ற் தேடி எங்கெங்கோ எல்லாம் சொல்லி வைத்து, அது தபாலில் வந்து சேரக் கலியாணக் கிழமையாகிவிட்டது. பூட்டினார். பூட்டியதும் தூணுக்கும் கைபிடிக்கும் புதிதாகப் பெயின்ற் அடிக்க வேண்டுமாம். அதுவும் தூரிகையால், எண்ணெய்ப் பெயின்ற்.

"அண்ணை, ஸ்ப்ரே அடியுங்கோ. ஒரு மணித்தியாலத்திலை காஞ்சிடும். வெளியாலை மழையைப் பாருங்கோ, உது எப்ப காயப் போகுது?"

"ஸ்ப்ரே அந்தக் காலத்தது இல்லை."

"கலியாணம் இந்தக் காலத்தது அண்ணை!"

கேட்கவில்லை. தலைகீழாக நின்றாலும் கேட்கிற ஆள் இல்லை. அடித்துவிட்டு, கலியாணத்துக்குள் காய்ந்துவிடும் என்று எனக்குச் சொன்னார். மழை அந்தக் கிழமை முழுக்க விடவே இல்லை.

கலியாணத்தன்று காலையில் நல்லவேளையாக வெயில் எறித்தது. மணவறை வேலையை என் ஆட்களிடம் விட்டுவிட்டு நான் ரூஜுக்கு ஓடினேன். வீட்டு முற்றத்தில் வாகனம் நின்றது, வார்களிலும் கொளுக்கிகளிலும் மட்டும் நான் கட்டிய மாலைகளோடு. மாலை கட்டப் போன நேரத்தில் மஞ்சள் தகட்டைப் பார்த்தேன். என் பொட்டு லேசான ஒரு சிவப்பாக அதில் இன்னும் இருந்தது. அண்ணை துடைக்காமல் விட்டிருந்தார்.

தகப்பன் பட்டு வேட்டி சால்வையோடு வந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் வேறு வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய தம்பி ஓடி வந்து இடுப்பில் பிடிக்கப் போனார்.

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!" என்றார் தகப்பன்.

எல்லோரும் விலகினோம். இடது காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்தார். வலது கை குறுக்கே மேலே போய்க் கைபிடியைப் பிடித்தது. இழுத்தார். உடம்பு எழும்பியது, வலது கால் வேட்டிக்குள் சிக்கி ஒரு பக்கம் சரிந்தார். தாய் "ஐயோ" என்றா. அவர் கையை விடவில்லை. தொங்கின மாதிரி ஒரு மூச்சு நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுவை இழுத்தார். அடுத்த கணம் சீற்றில் இருந்தார். வியர்த்துக் கொட்டியது. வலது காலைத் தானே கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

"என்ன எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார். "முகூர்த்தம் போகுது. ஏறுங்கோ."

பொம்பிளையும் தாயும் பின்கதவால் பிளாஸ்ரிக் முக்காலி வைத்து ஏறினார்கள். ஸ்ரெச்சர் இருந்த பக்கத்து வாங்குப் பலகையில் பட்டுச் சேலையோடு பொம்பிளை இருந்து, சிரிப்பும் அழுகையுமாக மூக்கை உறிஞ்சினாள். நான் என் காரில் பின்னால் போனேன். வாகனம் அன்ன நடை நடந்தது, பின்னால் ஹோர்ன் அடித்தவர்கள் அடிக்கட்டும். சிக்னல்களில் நான் பக்கத்தில் போய் நிற்கும்போதெல்லாம் பார்த்தேன். மனுசன் அந்தக் கைபிடியை விடவே இல்லை. உயரத்தில் இருந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, அண்ணையோடு ஏதோ பெரிய கதை கதைத்துக்கொண்டு போனார்.

மண்டப வாசலில் பெரியவர் ஒருவர், "இதென்ன, ஆமி வாகனத்திலையோ பொம்பிளை வாறது?" என்று முகத்தைச் சுளித்தார். நான் வாயைத் திறக்க முந்தித் தகப்பன் மேலேயிருந்து, "இது அம்புலன்ஸ் ஐயா. என்ரை பிள்ளையின்ரை ஒபிஸ்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அந்தப் பெரியவரும் சிரித்துவிட்டார். இறங்கும்போது மகள் கையை நீட்டினாள். அவளுடைய கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிறகு எனக்கு வேலை தலைக்கு மேல். விளக்கு, மாலை, தட்டு என்று ஓடித் திரிந்துவிட்டு, கன்னிகாதான நேரத்துக்கு மணவறை ஓரத்தில் வந்து நின்றேன். அண்ணை எனக்குப் பின்னால் நின்றார். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி முடித்து, மகளின் கையைப் பிடிக்கச் சொன்னார். தகப்பன் இறுக்கிப் பொத்தி வைத்திருந்த வலது கையைத் திறந்தார்.

உள்ளங்கைக்குக் குறுக்காகப் பச்சையாக ஒரு பட்டை. மகள் கையை நீட்டினாள். மருதாணிச் சிவப்புக்கு மேல் அதே பச்சை, இறங்கும்போது பிடித்த பிடியில் ஒட்டியது. கமராக்காரர் கிட்டப் போய்க் குனிந்தார். மண்டபத்தில் இருந்த பெரிய திரையில் அந்த இரண்டு கையும் தெரிந்தன.

"கையைத் துடைச்சுப் போட்டு வாங்கோ" என்று ஐயர் மெல்லச் சொன்னார்.

"வேண்டாம் ஐயா" என்றார் தகப்பன். "இப்பிடியே இருக்கட்டும்."

மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தா. தண்ணீர் மூன்று கைகளிலும் வழிந்து தட்டில் விழுந்தது. பச்சை அப்படியே இருந்தது. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. காயும் என்று சொன்ன ஆளைத் திரும்பிப் பார்த்தேன், சண்டை பிடிக்கத்தான். அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எண்ணெய்ப் பெயின்ற், பிள்ளை" என்றார். "தண்ணிக்குப் போகாது."